இல்லாத நாலா

பதிமூணு கிலோமீட்டரில் ஒரு நாலா இருந்தது. ஜனவரி மாதம் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் வரைக்கும் இருந்தது. அதற்குப் பிறகு ஆபீஸ் ரிஜிஸ்டரில் அது இல்லை. தண்ணீர் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. கொடுவா மீன் குஞ்சுகள் அவைபாட்டுக்குக் கண்டல் வேர்களுக்குள் ஒளிந்து திரிந்தன. தாங்கள் இல்லை என்ற தகவலை அவற்றுக்கு யாரும் சொல்லவில்லை.

போர்ட் பிளேரிலிருந்து கப்பலில் வர வேண்டிய ஹட் பே தீவில் ஒவ்வோர் ஊருக்கும் பெரிய மனிதர்களின் பெயரை வைத்துப் பலகை நட்டிருக்கிறார்கள். ஜனங்கள் அதைச் சட்டை செய்வதில்லை. ஜெட்டியிலிருந்து எத்தனையாவது கிலோமீட்டரோ அதுதான் ஊரின் பெயர். அதேபோல, காட்டிலிருந்து இறங்கிக் கடலில் கலக்கிற ஓடைக்கு வங்காளி, தெலுங்கர், தமிழர் எல்லாருக்கும் சேர்த்து ஒரே இந்திப் பெயர்: நாலா. கிளாரா கல்யாணமாகி இங்கே வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. தூத்துக்குடிப் பக்கத்துத் தமிழ் அவள் நாக்கில் அப்படியே இருக்கிறது. இந்தி, மீன் விற்கவும் ஆளை வையவும் போதுமான அளவு.

அவள் புருஷன் சிலுவைராஜ் டிங்கி என்கிற சின்னப் படகில் கடலுக்குப் போகிறவன். கிளாரா நாலாவில் இறங்கிக் களி நண்டு பிடித்துச் சந்தையில் விற்பாள். கடலில் அவன் வலையில் விழுகிற கொடுவாவும் மடவையும் இந்த நாலாவில் குஞ்சாகக் கிடந்து வளர்ந்து போனவைதான். அதைச் சொல்ல அவளுக்கு எந்தப் படிப்பும் தேவைப்படவில்லை. நாலு வருஷத்துக்கு முன்பு ஒன்பதாம் கிலோமீட்டர் நாலாக் கரையில் மரங்களை மொட்டையடித்தார்கள். அடுத்த மழைக்கு மலைமண் முழுக்க இறங்கி வந்து மடுவை மூடியது. அதற்கடுத்த மழைக்கு அங்கே ஒரு நண்டு வளைகூட இல்லை. அப்போதுதான் அவர்கள் பதிமூணுக்கு வந்தார்கள். இதுவும் போனால் மெயின்லாண்டுக்குக் கப்பல் ஏற வேண்டியதுதான், அங்கே அவர்களுக்குக் கால் நீட்டிப் படுக்க இடம் கிடையாது.

அந்த வியாழக்கிழமை கருத்துக் கேட்புக் கூட்டம். காட்டில் மரம் வெட்டப் போகிறோம், மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று காட்டிலாகா ஆபீஸுக்குத் திடீரென்று கரிசனம் வந்துவிட்டது. ஆபீசர் மெயின்லாண்டிலிருந்து வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. காடு என்றால் அவருக்கு இத்தனை கன மீட்டர், அவ்வளவுதான். மொழிபெயர்க்கப் பிரவீன்குமார் என்ற கிளார்க்கை உட்கார வைத்திருந்தார்கள். போர்ட் பிளேர் ஜங்லிகாட்டில் பிறந்து வளர்ந்தவன். வீட்டில் தமிழ், வெளியே இந்தி, எழுத்து என்றால் ஆங்கிலம். தமிழில் தன் பெயரை எழுதச் சொன்னால் வேர்த்துவிடும்.

"தமிழ்லயே சொல்லுங்க ஆண்ட்டி. நான் எழுதிக்கிறேன்" என்றான்.

கிளாரா எழுந்து நின்று பேசினாள். மீனைப் பற்றி, நிழலைப் பற்றி, ஒன்பதாம் கிலோமீட்டரைப் பற்றி மூச்சுவிடாமல் பேசினாள். ஆபீசர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிரவீன்குமாரின் பேனா அவள் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் பாதியிலேயே நின்றுபோனது. கடைசியில் அவள், "அங்கன மரம் வெட்டுறது நல்லா இல்ல சார். ஒண்ணுமே நல்லா இல்ல" என்று முடித்தபோது, அதில் 'நல்லா இல்ல, ஒண்ணுமே நல்லா இல்ல' என்பதை மட்டும் அவசரமாக ஆங்கில எழுத்தில் குறித்துக்கொண்டான். மீதியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தான். அப்புறம் சமோசா வந்தது.

சாயங்காலம் ரிப்போர்ட் எழுத உட்கார்ந்த ஆபீசர் அந்தக் குறிப்பைப் படித்தார். ஆங்கிலத்தில் எழுதினால் நல்லாவுக்கும் நாலாவுக்கும் கிட்டத்தட்ட ஒரே எழுத்து. நாலா அவருக்குத் தெரிந்த சொல். தெரியாதது இரண்டே சொல்தான். வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த பிரவீன்குமாரை நிறுத்தி, "இல்ல என்றால் என்ன, ஒண்ணுமே என்றால் என்ன?" என்று கேட்டார். "இல்ல என்றால் நஹீன், ஒண்ணுமே என்றால் குச் பீ சார்" என்றான் அவன். சரியான பதில்தான். மனுஷி நாலாவே இல்லை என்கிறாள், ஒன்றுமே இல்லை என்கிறாள் என்று ஆபீசர் சந்தோஷமாக எழுதி முடித்தார்.

இரண்டு வாரம் கழித்து நாலாக் கரை மரங்களில் சிவப்புப் பெயிண்டில் நம்பர் ஏறியது. படாக், கர்ஜன் என்று ஐம்பத்து நாலு மரம். சிலவற்றின் வேர் தண்ணீருக்குள்ளேயே இருந்தது. கிளாரா போட்டது போட்டபடி பஸ் ஏறி ஆபீஸுக்குப் போனாள். நாலாவிலிருந்து ஐம்பது மீட்டருக்குள் மரம் வெட்டக் கூடாது என்று அந்த ஆபீஸ் சுவரிலேயே நோட்டீஸ் ஒட்டியிருந்தது. அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றாள்.

ஆபீசர் ரிஜிஸ்டரைப் புரட்டித் திருப்பி வைத்தார். "நாங்களாகச் சொல்லவில்லை. நீதான் சொன்னாய்" என்றார் இந்தியில்.

"நான் என்னத்த சொன்னேன்? ஏல பிரவீனு, என்னத்தல எழுதிருக்கு இதுல?"

பிரவீன்குமார் படித்தான். "மீனவப் பெண் கிளாரா சொன்னது: நாலா இல்லை. ஒன்றுமே இல்லை. ஆண்ட்டி, நீங்க நல்லா இல்லன்னு..."

கிளாராவுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் முதலில் சிரிப்புதான் வந்தது, அப்புறம் ஆத்திரம். நாலு பாஷை பேசுகிற ஊரில், எழுதத் தெரிந்த இரண்டு பேருமாகச் சேர்ந்து ஓடுகிற தண்ணீரை நிறுத்திவிட்டார்கள். அதுவும் அவள் வாயாலேயே.

"நேர்ல வந்து பாருங்க சாப். காலு நனையுதான்னு பாருங்க" என்றாள்.

ரிஜிஸ்டரில் ஏறியதைத் திருத்த வேண்டுமானால் இன்னொரு கூட்டம் போட வேண்டும், அதற்குப் போர்ட் பிளேரிலிருந்து உத்தரவு வர வேண்டும் என்று ஆபீசர் பொறுமையாக விளக்கினார். அது வருவதற்குள் மரம் போய்விடும் என்பதை மட்டும் விளக்கவில்லை. "அங்கே இருப்பது தேங்கிய மழைத் தண்ணீராக இருக்கும்" என்று சொல்லி ரிஜிஸ்டரை மூடினார். பார்க்காமலே இவ்வளவு தெரிந்த மனிதரை வைத்துக்கொண்டுதான் அரசாங்கம் காட்டைக் காப்பாற்றுகிறது.

ஊரில் அவளுக்கு நல்ல பெயர் கிடைத்தது. சந்தையில் கூடையை இறக்கினாலே, "கிளாராக்கா நாலாவ முழுங்கிட்டாவ" என்று கிண்டல். சிலுவைராஜ்கூட ஒருநாள் வலையை உதறிக்கொண்டே, "உனக்கு இந்தியில ரெண்டு வார்த்த பேச வாயில்லையாட்டி?" என்றான். நாலா செத்தால் அது தன் பேச்சால் செத்ததாகத்தான் இருக்கும் என்ற நினைப்பு அவளைச் சாப்பிட விடாமல் அடித்தது.

வெட்டு ஆரம்பித்தது. கட்டையை வெளியே இழுக்க நாலாவுக்குக் குறுக்கே ஒரு மரப்பாலம் வேண்டும் என்று கான்டிராக்டர் எழுதிக் கேட்டான். நாலாவே இல்லாத இடத்தில் பாலம் எதற்கு என்று ஆபீஸ் திருப்பி எழுதியது. அதனால் கடல் வற்றி நாலாவில் தண்ணீர் குறைகிற நேரம் பார்த்து டிராக்டரை நாலாவுக்குள்ளேயே இறக்கி ஓட்டினார்கள். ஓட்டியவன் வெள்ளைச்சாமி. கச்சால் தீவு ரப்பர் தோட்டத்துக் குடும்பத்துப் பிள்ளை, தண்ணீரைக் கண்டாலே பயப்படுகிறவன். பதினொரு மரம் சாய்ந்தது. தண்ணீர் செம்மண் நிறத்துக்கு மாறியது. கிளாரா தினமும் கரையில் வந்து நின்று, வெட்டுகிறவர்களையும் எழுதினவர்களையும் பேர் சொல்லி வைதாள்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை ஆபீசர் சோதனைக்கு வந்தார். பிரவீன்குமாரும் கூட வந்தான். நாலா வற்றிக் கிடந்தது. டிராக்டரில் தொற்றிக்கொண்டு அக்கரைக்குப் போனார்கள். மரத்தை அளந்தார்கள், போட்டோ எடுத்தார்கள், கட்டை மேல் உட்கார்ந்து பூரி சாப்பிட்டார்கள். ஆபீசருக்கு மத்தியானம் மூணு மணிக் கப்பலில் போர்ட் பிளேர் போக டிக்கெட் இருந்தது. மறுநாள் அங்கே மீட்டிங்.

பன்னிரண்டரைக்குத் திரும்பி வந்தபோது கடல் உள்ளே ஏறிவிட்டிருந்தது. "காலையில் வந்தோமே, போ" என்று ஆபீசர் கையசைத்தார். வெள்ளைச்சாமி தயங்கினான். ஆபீசர் கத்தினார். வெள்ளைச்சாமி தனியாக டிராக்டரை இறக்கிப் பார்த்தான். பாதி வழியில் இன்ஜின் ஒரு தும்மல் தும்மி நின்றது. அவன் சீட்டின் மேல் ஏறி நின்றுகொண்டு, "அக்கா, எனக்கு நீச்ச தெரியாதுங்க அக்கா!" என்று அலறினான்.

இக்கரையில் நின்றிருந்த கிளாராவும் வலையோடு வந்திருந்த சிலுவைராஜும் டிங்கியை எடுத்துக்கொண்டு போய் அவனை ஏற்றி இக்கரையில் விட்டார்கள். அதில் பேச்சுக்கே இடமில்லை. அப்புறம் டிங்கி அக்கரைக்குத் திரும்பியது. கரைக்குப் பத்துப் பாகம் தூரம் இருக்கும்போது கிளாரா கையைக் காட்டி நிறுத்தச் சொன்னாள்.

"ஆவோ, ஆவோ! ஜல்தி!" என்று அவசரப்படுத்தினார் ஆபீசர்.

"கஹாங் ஜானா சாப்?" எங்கே போக வேண்டும் என்று கேட்டாள் கிளாரா.

"உஸ் பார்!"

"அந்தப் பக்கமா? எதத் தாண்டி அந்தப் பக்கம் போணும்?"

"யே பானி..."

"பானியா? மழைத் தண்ணிதான சாப் தேங்கிக் கெடக்கு? நடந்து வாங்க. ஒரு கொசுவுக்கு முங்காது."

ஆபீசர் கடிகாரத்தைப் பார்த்தார், டிராக்டரைப் பார்த்தார். சீட்டுக்கு மேலே தண்ணீர் ஏறியிருந்தது. மிரட்டினார். அரசு வேலைக்கு இடைஞ்சல், கேஸ் போடுவேன் என்றார். கிளாரா காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "எந்த எடத்துல நடந்துச்சுன்னு கேஸ்ல எழுதுவிய?" என்று கேட்டாள். பிரவீன்குமார் அதை அவருக்கு இந்தியில் சொன்னான். தூரத்தில் ஜெட்டியில் கப்பல் சங்கு ஊதியது.

"எழுதிக் குடுக்கச் சொல்லு பிரவீனு. பதிமூணு கிலோமீட்டர் நாலாவத் தாண்டுறதுக்கு ஆபீசருக்கு போட்டு வேணும்னு. தேதி, மணி, அவரு கையெழுத்து. நாலான்னு எழுதணும், தண்ணி கிண்ணின்னு எழுதுனா நான் திரும்பிருவேன்."

பிரவீன்குமார் சோதனை நோட்டை எடுத்தான். இந்தத் தடவை எழுத்து திருத்தமாக வந்தது. எழுதியதை உரக்கப் படித்தான். "நாலான்னு மூணு எடத்துல எழுதிருக்கேன் ஆண்ட்டி" என்றான் மெதுவாக. ஆபீசர் பல்லைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். பிரவீன்குமார் தாளைக் கிழித்து, நெஞ்சளவு தண்ணீரில் இறங்கி வந்து நீட்டினான். கிளாரா அதைப் பாலிதீன் கவரில் போட்டு இடுப்பில் செருகிய பிறகுதான் டிங்கி கரையைத் தொட்டது.

நடு நாலாவில், ஆபீசர் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு கலங்கின தண்ணீரையே பார்த்தபடி, "இங்கே முதலை இருக்குமா?" என்று கேட்டார்.

"நாலான்னா இருக்கும் சாப்" என்றாள் கிளாரா.

அந்தக் காகிதத்தைப் பத்துக் காப்பி எடுத்தாள். பஞ்சாயத்துக்கு ஒன்று, சர்ச் சாமியாருக்கு ஒன்று, போர்ட் பிளேர் அபர்டீன் பஜாரில் கடையில் வேலை பார்க்கும் மகள் ஜாக்குலின் மூலமாகப் பெரிய ஆபீஸ்களுக்கு மீதி. மூன்றாவது வாரம் வெட்டு நின்றது. மிச்சமிருந்த நாற்பத்து மூன்று மரத்தின் நம்பர்களைக் கறுப்புப் பெயிண்டால் மெழுகினார்கள். பதிவேட்டில் இல்லாத ஒரு நாலாவைத் தன் நேரடி ஆய்வில் கண்டுபிடித்ததற்காக ஆபீசருக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. அதைக் கேட்டு கிளாரா வயிறு வலிக்கச் சிரித்தாள். சிரித்துவிட்டு நாலாவில் இறங்கி, வேருக்குள் கையை விட்டுப் பார்த்தாள். குஞ்சுகள் இருந்தன. குறைச்சல்தான், ஆனால் இருந்தன.

ஏப்ரலில் பலகை வந்தது. இரும்புக் கம்பத்தில் பச்சைப் பலகை, இந்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தது. நட வந்த ஆட்களோடு பிரவீன்குமாரும் வந்திருந்தான். கிளாரா படிக்கச் சொன்னாள். "பாதுகாக்கப்பட்ட நாலா. ஐம்பது மீட்டருக்குள் மரம் வெட்டத் தடை" என்று படித்துவிட்டு நின்றான்.

"இன்னும் ஒரு வரி இருக்குல்லா?"

"மீன், நண்டு பிடிக்கத் தடை. மீறினால் வழக்கு" என்றான். அவள் முகத்தைப் பார்க்காமல், "இத நான் எழுதல ஆண்ட்டி" என்றான்.

அவர்கள் போன பிறகு சிலுவைராஜ் கம்பத்தை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினான். ஈர மண், குழியைச் சரியாக மூடவில்லை. கம்பம் தளர்ந்து ஆடியது. "மரம் வெட்டுனவன் மேல கேஸு இல்ல, நண்டு புடிக்கிற நம்ம மேல கேஸா? நில்லுட்டி, புடுங்கி நாலாவுலயே எறியுதேன்."

"புடுங்காதிய" என்றாள் கிளாரா.

"உனக்குக் கிறுக்கா?"

"நம்ம கண்ணுக்குத் தெரியிற நாலா அவனுக்குத் தெரியாது. இந்தப் பலகதான் தெரியும். இது இல்லன்னா நாளைக்கே பெயிண்டு டப்பாவத் தூக்கிட்டு வந்துருவான்."

"அப்போ நண்டு?"

அவளுக்கு அழுகை வந்தது. யாருக்கும் மறைக்காமல், மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதாள். இந்தப் படித்த மடையர்களிடம் ஒன்றைக் காப்பாற்றச் சொன்னால், அதை அதன் சொந்தக்காரியிடமிருந்துதான் காப்பாற்றுவார்கள். அழுது முடித்ததும் காலிக் கூடையைக் கீழே வைத்தாள். கரையிலிருந்து பெரிய கல்லாகப் பார்த்து நாலைந்து பொறுக்கி வந்து, கம்பத்தைச் சுற்றிக் குழிக்குள் இறக்கி, காலால் மண்ணைத் தள்ளி மிதித்தாள்.

"சும்மா நிக்காம ஒரு கல்லு எடுத்துட்டு வாங்க" என்றாள். "மழைக்குச் சாஞ்சிரும்."