நிறுத்து என்ற பிறகு

வெர்லாவின் புருஷன் செத்தபோது விட்டுப்போனது ஒரு நீல பிக்கப் வண்டி மட்டும்தான். பள்ளிக்கூட பஸ் ஓட்டும் வேலையும் போனதும், அந்த வண்டியை விற்றுத் துப்பாக்கிப் பயிற்சியாளர் ஆனாள். பயிற்சிக் கட்டணம், பெட்டி பெட்டியாகக் குண்டு, காப்பீடு, சுடுதளத்துக்கு முன்பணம் என்று ஒட்டக் கறந்துவிட்டார்கள், படுபாவிகள்.

“கண்ண வித்துச் சித்திரம் வாங்குறியேடி” என்று தங்கை ஐடா தலையில் அடித்துக்கொண்டாள்.

வண்டியை வாங்கியவன் கோர்டல். “கிளாஸ் ஆரம்பிங்க மேடம், என் சித்தப்பன் பசங்களையும் கூட்டிட்டு வர்றேன்” என்றான். சொன்னபடியே வந்தான். முதல் வகுப்பில் அவர்களைத் தவிர வேறு ஆளே இல்லை.

வகுப்புக்கு வந்தவர்களின் மதியச் சாப்பாட்டுக்குக் கறியும் பீன்ஸும் போட்டு சில்லி காய்ச்சிக்கொண்டிருந்த ஐடா, வெர்லாவின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். “அந்தக் கோர்டல் பொண்டாட்டி டானெட் அவனை விட்டுட்டுப் போயிட்டாளாம். ‘எவ்வளவு தூரம் ஓடுவா, பாத்துக்கலாம்’னு சிரிக்கிறான்டி. இடுப்புல துப்பாக்கிய மறைச்சு வச்சுக்கிட்டுத் திரிய இவனுக்குப் போயி சர்டிபிகேட் குடுக்காத.”

“அவனை அனுப்பினா நாலு பேரும் போயிடுவாங்க. சும்மா இரு.”

சுடுதளத்தில் ஒரே ஒரு சட்டம்தான் பெரியது. பயிற்சியாளர் ‘நிறுத்து’ என்றால் விரலை எடுத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு சுட்டவனுக்குச் சான்றிதழ் கிடையாது. அன்று மாலை வெர்லா “நிறுத்து!” என்று கத்தினாள். எல்லாத் துப்பாக்கியும் அடங்கியது. கோர்டல் மட்டும் நிதானமாக இன்னொரு முறை சுட்டான். இலக்குத் தாளில் வரைந்திருந்த ஆளின் நெற்றியில் ஓட்டை விழுந்தது.

“காதுல மூடி இருந்துச்சா, கேக்கல மேடம்” என்று பல்லைக் காட்டினான்.

கேட்டிருந்தது. அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். இருந்தும் வெர்லா சான்றிதழில் கையெழுத்துப் போட்டாள். தேறியவர்களின் இலக்குத் தாளிலும் பயிற்சியாளர் பெயர் எழுதித் தருவது அந்தப் பக்கத்து வழக்கம்; வீட்டில் பெருமையாக மாட்டிக்கொள்வார்கள். அதையும் செய்தாள்.

சில வாரம் கழித்து, பொழுது சாயும் நேரத்தில் ஒரு பெண் கதவைத் தட்டினாள். முகம் வெளிறிக் கிடந்தது.

“வெர்லான்றது நீங்கதானே? நான் டானெட். நான் இங்க குடி வந்தது யாருக்கும் தெரியாது. இன்னைக்கு என் வாசக்கதவுல இதை ஆணி அடிச்சு மாட்டியிருந்துச்சு.” சுருட்டியிருந்த தாளை விரித்தாள். கீழே வெர்லாவின் கையெழுத்து, அவளே கொட்டை கொட்டையாக எழுதியது.

“எனக்கும் சுடக் கத்துக்குடுங்க மேடம். எவ்வளவு கேட்டாலும் தர்றேன்.” டானெட்டின் விரல் நெற்றி ஓட்டையில் போய் நின்றது. “இது மட்டும் ஏன் தனியா மேல இருக்கு?”

பொய் சொல்ல வெர்லாவுக்கு வாய் வரவில்லை. “நான் நிறுத்துன்னு சொன்னதுக்கப்புறம் சுட்டது.”

“அதுக்கப்புறமுமா கையெழுத்துப் போட்டீங்க?”

வெர்லா பதில் சொல்வதற்குள் தெருமுனையில் ஒரு வண்டி இருமி இருமித் திரும்பியது. இருபது வருஷம் கேட்ட சத்தம் அது, புருஷன் வேலை முடிந்து வரும் சத்தம். அவள் விற்ற அந்த நீல பிக்கப் விளக்கைப் போடாமல் மெல்ல ஊர்ந்து வந்து, அவள் வீட்டு வாசலில் நின்றது.