கமருன்னிஸாவின் கிளட்ச்

வாய்வரைக்கும் வந்த வார்த்தையை விழுங்குவது கமருன்னிஸாவுக்குப் புதுப் பழக்கம். கணவர் ஜெய்னுலாபுதீன் துபாய்க்கு முழுக்குப் போட்டுவிட்டு மன்னார்குடி வந்து ஒரு மாதமாகிறது. விழுங்கத் தொடங்கியதும் அன்றிலிருந்துதான்.

அவர் அங்கே இருந்த காலத்தில் வீட்டு வண்டியை ஓட்டியவள் அவள். பிள்ளைகளின் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, வலங்கைமானில் அம்மா வீடு என்று பதினொரு வருடமாக அந்தப் பழைய கார் ஓடியது, வாங்கியபோது இருந்த அதே கிளட்ச்சோடு. மெக்கானிக் யூனுஸ் வண்டியைப் பார்க்கும்போதெல்லாம், "அக்கா, ஒங்கள மாதிரி நாலு பேரு இருந்தா நான் கடைய சாத்திட்டுப் போவ வேண்டியதுதான்" என்பான். பெரிய சூட்சுமம் ஒன்றுமில்லை. அழைப்பு மணி மாதிரி, கிளட்ச்சை அழுத்தினால் உடனே விட்டுவிட வேண்டும். மணி மேலேயே விரலை வைத்துக்கொண்டு நிற்பவனைக் கண்டால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

ஜெய்னுலாபுதீன் அப்படித்தான் நின்றார். கடையொன்றின் சரக்கு வேனைத் துபாயில் ஓட்டியவர் அவர். அது கியர் தானாக மாறும் வண்டி. இடது காலுக்கு அதில் ஒரு வேலையும் கிடையாது. சும்மா இருந்து பழகிய அந்தக் கால், இங்கே கிளட்ச்சைப் பார்த்ததும் அதன்மேல் ஏறிப் படுத்துக்கொண்டது.

வந்த முதல் நாளே, "இனிமே நீ கஷ்டப்பட வேணாம் கமரு" என்று சொல்லி ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தார். தெருவே கேட்டு மெச்சியது. கமருன்னிஸாவும் சாவியைக் கையில் கொடுத்துச் சிரித்தாள். உள்ளே பொசுக்கென்று போயிற்று. அவளுக்கு வண்டி ஓட்டப் பிடிக்கும். இனி ஆயுசுக்கும் இடதுபக்க ஸீட்தானா என்று நினைத்தாலே அழுகை வந்தது. ஆசையாக ஓட்டுகிற மனுஷனிடம் அதை எப்படிச் சொல்வது?

இன்றைக்குத் திருவிடைமருதூர் பக்கம் ஒரு நிக்காஹ். பின் ஸீட்டில் அவருடைய அக்கா உம்முசல்மா, கல்யாண வீட்டுக்கென்று செய்த வட்டலாப்ப இனிப்புச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வலங்கைமானைத் தாண்டியதும் ஓர் ஒற்றைப் பாலம். ஏற்றத்தில் வண்டிகள் வரிசையாக நின்றன. எதிர்ப்பக்கமிருந்து நெல் அறுக்கிற மெஷின் ஒன்று, பாலத்தை முழுதாக அடைத்துக்கொண்டு ஊர்ந்து வந்தது. தை மாதம், அதற்குத்தான் ரோடு சொந்தம். ஜெய்னுலாபுதீன் ஹேண்ட் பிரேக்கைத் தொடவேயில்லை. பாதி கிளட்ச், பாதி ஆக்ஸிலேட்டர் என்று வண்டியை ஏற்றத்திலேயே பிடித்து நிறுத்தினார்.

கருகல் வாடை வந்தது.

"அறுத்த வயல்ல வைக்கோல கொளுத்துறானுவ" என்றார்.

"ஆமா தம்பி, கண்ணாடிய ஏத்திடு" என்றாள் உம்முசல்மா.

ஏற்றினார். வாடை இரண்டு மடங்கானது. உம்முசல்மா முந்தானையால் மூக்கையும் சட்டியையும் சேர்த்து மூடினாள். கமருன்னிஸாவுக்கு வயிறு எரிந்தது. கைக்குழந்தையைப் போலப் பார்த்துக்கொண்ட கிளட்ச், கண்ணெதிரே வெந்துகொண்டிருந்தது.

முன்னால் நின்ற வேன் இரண்டடி நகர்ந்தது. அவரும் நகரப் பார்த்தார். எஞ்சின் கத்திய கத்தலுக்கு வண்டி கும்பகோணமே போயிருக்க வேண்டும். ஆனால் அது பின்னால் சரிந்தது. பின்னாலிருந்த மினி பஸ் அலறியது. கமருன்னிஸா எட்டி ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள்.

"வைக்கோலும் இல்ல, ஒண்ணும் இல்லங்க. நம்ம கிளட்ச்சுதான் கருவுது. நியூட்ரல்ல போட்டுட்டு காலை எடுங்க" என்றாள். வாய் திறந்துவிட்டது; இனி மூடுவானேன்? "கிளட்ச்சுக்காக மட்டும் சொல்லல. எனக்கு ஓட்டணும். ஒரு மாசமா மனசுல வச்சிக்கிட்டு கெடக்குறேன்."

ஜெய்னுலாபுதீன் காலை எடுத்தார். அவளையே பார்த்தார்.

"இத மொதல்லயே சொல்றதுக்கு என்ன?"

"நீங்க ஆசையா உக்காந்தீங்க..."

"ஆசையா!" அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அடுத்தவன் வண்டிய ஓட்டி ஓட்டி எனக்கு அலுத்துப்போச்சு கமரு. இனிமே ஒம்பக்கத்துல உக்காந்து ஊரப் பாத்துக்கிட்டே போவணும்னுதான் வந்தேன். புருஷன் வந்தும் பொண்டாட்டிய ஓட்டவிட்டா நல்லாவா இருக்கும்னு பல்லக் கடிச்சிக்கிட்டு ஓட்டுறேன்."

கமருன்னிஸாவுக்குக் கண் கலங்கியது. சிரிப்பும் வந்தது. எதை முதலில் செய்வதென்று தெரியவில்லை.

"யாரு ஓட்டுனா என்ன, சோறு ஆறிப் போறதுக்குள்ள போய்ச் சேருங்க" என்றாள் உம்முசல்மா, முந்தானைக்குள்ளிருந்து.

மெஷின் பாலத்தைக் கடந்து முடிப்பதற்குள் இருவரும் இடம் மாறிக்கொண்டார்கள். மினி பஸ் டிரைவர் தலையை வெளியே நீட்டி ஏதோ சொன்னார். யாரும் காதில் வாங்கவில்லை. அதற்குள் கிளட்ச்சின் சூடும் கொஞ்சம் தணிந்திருந்தது. கமருன்னிஸா முதல் கியரைப் போட்டு, கிளட்ச்சை மெல்ல விட்டு, ஹேண்ட் பிரேக்கை இறக்கினாள். வண்டி ஒரு முனகலோடு கிளம்பிப் பாலமேறியது.

அந்தப் பக்கம் இறங்கியதும் ஜெய்னுலாபுதீன் கண்ணாடியை முழுக்க இறக்கி, முழங்கையை ஜன்னலில் ஊன்றிக்கொண்டு, விளைந்து நின்ற வயல்களைப் பார்க்க ஆரம்பித்தார். ரோடு காலியாகத்தான் கிடந்தது. கமருன்னிஸா மூன்றாவது கியரிலேயே மெதுவாகப் போனாள்.