ஏரியில் நின்ற குச்சிகள்

நாற்பது பேருக்குப் போதுமான ரொட்டித் துண்டுகள் எப்போதோ தயாராகிவிட்டன. தூர்தீஸ் இன்னும் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். புருஷனைப் புதைத்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. கூடத்தில் ஊரே காப்பிக்குக் காத்திருந்தது. காப்பி வராமல் நார்வேக்காரனுக்குத் துக்கமும் சரியாக வராது.

பக்கத்து வீட்டு போர்கில்ட் உதவி செய்கிறேன் என்று அடுக்களைக்குள் வந்தவள், ஒரு தட்டைக்கூடத் தொடவில்லை.

"ஏண்டி, மே மாசத்துல ஊரே உருளைக்கிழங்கு நடுது. உன் ஹல்வாருக்கு மட்டும் பனிச்சறுக்குக் கட்டைய மாட்டிட்டு மலையேறணுமா?"

"கடைசிப் பனிதான் நல்ல பனின்னு சொல்வாரு."

"சொல்வாரு, சொல்வாரு. ஆனா ஈஸ்டர்லயே ஐஸத் தட்டிப் பாத்துட்டுத்தானே ஏரியில கால வைக்கற மனுஷன்! இப்பப் போய் எப்படி அதுமேல போனாரு? வயசானா புத்தி மழுங்கிடுது, பாவம்."

தூர்தீஸின் கத்தி நின்றது, மறுபடி தடவியது.

ஈஸ்டருக்கு முன்னால் பாதை தெரிய பிர்ச் மரக் குச்சிகளை நடுவது இருபது வருடமாக ஹல்வாரின் வேலை. மூடுபனி இறங்கினால் சறுக்கிவருகிறவனுக்குக் குச்சிதான் கண். பண்டிகை முடிந்ததும் உறைந்த ஏரிமேல் உள்ளவற்றை முதலில் பிடுங்கிவிடுவார். சதுப்பில் உள்ளவை பனி கரையும்வரை நிற்கும். ஆகவே மே மாதத்தில் குச்சி நின்றால் அடியில் தரை என்று அர்த்தம். ஊரில் இதைச் சந்தேகித்தவர் யாருமில்லை.

இந்த வருடம் அவருக்கு இடுப்பு வலி. தூர்தீஸ் போனாள். வீட்டு ஜன்னலிலிருந்து தெரிகிற பாதி ஏரியில் இருந்தவற்றைச் சுத்தமாகப் பிடுங்கினாள். பாறைமுனைக்கு அப்பால் முழங்கால்வரை ஈரப்பனி, பூட்ஸுக்குள் தண்ணீர். அன்று சாயங்காலம் போர்கில்ட் வீட்டில் கம்பளி பின்னுகிறவர்களின் கூட்டம் வேறு. வராதவளைப் பற்றித்தான் அங்கே பேச்சே நடக்கும். திரும்பிவிட்டாள்.

"முனைக்கு அந்தப் பக்கமும் எடுத்துட்டியா?" என்று ஹல்வார் கேட்டார்.

"எடுத்தாச்சு, எடுத்தாச்சு. எத்தன தடவ கேப்பீங்க?"

ஒரு தடவைதான் கேட்டிருந்தார்.

இடுப்பு தேறியதும், ஏரியைச் சுற்றிக் காட்டுப்பாதையில் ஏறிப் போனார். திரும்பும்போது மூடுபனி. குச்சியைப் பார்த்திருக்கிறார், சதுப்பு என்று நம்பி இளகிய ஐஸ்மேல் வந்திருக்கிறார்.

"நல்லவேளை, குச்சியெல்லாம் நீ பிடுங்கிட்ட," என்றாள் போர்கில்ட். "இல்லேன்னா இன்னும் எத்தன பேர் போயிருப்பாங்களோ!" கூடத்தில் பாதிரியார் கேக்கை வெட்டும் சத்தம் கேட்டதும் பெரிய துண்டு போய்விடுமே என்று ஓடினாள்.

பின்கதவு திறந்தது. ஹல்வாரின் தம்பி ஆஸ்முன். துக்கத்துக்குப் போட்ட கறுப்புக் கால்சட்டை முழங்கால்வரை நனைந்திருந்தது. தண்ணீரிலிருந்து அண்ணனை இழுத்தவன் அவன்தான். அப்போது அங்கே என்ன பார்த்தான் என்பதைப் பத்து நாளாக யாரிடமும் சொல்லவில்லை.

கையில் ஒரு கட்டு பிர்ச் குச்சி. ஒவ்வொன்றின் நுனியிலும் தூர்தீஸ் பின்னி மிஞ்சிய சிவப்பு நூல்.

"ஐஸ் உடைஞ்சிடுச்சு. எல்லாம் எங்க கரையில ஒதுங்கியிருந்துது," என்றான்.

அவள் சிவப்பு நூலைப் பார்த்தாள்.

அவன் குச்சிகளை விறகுப் பெட்டிக்குள் வைத்தான். நனைந்த கையைக் கால்சட்டையில் துடைத்தான்.

"ஆஸ்முன்… எங்கிட்ட எதுவும் கேக்கலையா?"

அவன் அடுப்பைப் பார்த்தான்.

"காப்பி இன்னும் கொதிக்கலையா?"

அவளைப் பார்க்காமலே கூடத்துக்குப் போய்விட்டான்.

தூர்தீஸ் அடுப்பின் கதவைத் திறந்து, நூலோடு குச்சிகளை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினாள். ஒன்றில் மொட்டு வெடித்து, நகத்தளவு இலை எட்டிப் பார்த்தது. அதையும் தள்ளினாள். ஈர விறகு சீறியது. புகை அடுக்களையை நிரப்பிக் கூடத்துக்குள் போனது.

ஒருவர் இருமினார். பிறகு ஒவ்வொருவராகக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

தூர்தீஸ் அடுத்த ரொட்டியை எடுத்து வெண்ணெய் தடவினாள்.