அவன் பெயரில் ஓர் உதவித்தொகை

வெள்ளைச் சட்டையின் கைப்பட்டையில் படிந்திருந்த மைக்கறையை அக்கா மறுபடியும் சோப்புப் போட்டுத் தேய்த்தாள். தம்பி வகுப்பெடுக்கப் போட்டுக்கொண்டு போன சட்டை. இன்று சாயங்காலம் அவனோடு சுடுகாட்டுக்குப் போகப்போவதும் அதுதான். வேறு நல்ல சட்டை அவனிடம் இல்லை. கறை போவேனா என்றது.

"அம்மாடி, யூனிவர்சிட்டிலேர்ந்து சார் வந்திருக்காரும்மா" என்று அப்பா கூப்பிட்டார்.

ஜெர்மன் துறைத் தலைவர் கூடத்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தம்பியோடு ஆராய்ச்சி செய்த பெண், அழுதழுது மூக்கு சிவந்துபோய்.

ஐந்து வருடம் தம்பி முதலாண்டுப் பிள்ளைகளுக்கு ஜெர்மன் சொல்லிக்கொடுத்தான். அதற்காகத் துறை சம்பளம் கொடுத்தது. மருத்துவக் காப்பீடும் அதோடு வந்தது. ஆறாம் வருடம் எல்லாம் ஒரே நாளில் நின்றது. ஆய்வேட்டில் இன்னும் இரண்டு அத்தியாயம் பாக்கி. கேட்கப் போனவனிடம் இந்த மனிதர், "வாய்ப்புகள் நிறைய இருக்கே" என்று சொல்லி அனுப்பினாராம். பயண நல்கை இருந்தது, ஆனால் பயணத்துக்கு மட்டும். ஆய்வேட்டை முடிக்கத் தரும் நல்கை துறைக்கே ஒன்றுதான், அது வேறொருவருக்குப் போனது. மிச்சம் வங்கிக் கடன்.

"பசிக்குதுன்னு ஜெர்மன்ல நாலு விதமாச் சொல்லுவேன்க்கா. சாப்பாடுதான் எந்த மொழியிலயும் வர மாட்டேங்குது" என்று சிரித்தான். நெஞ்சை அழுத்துகிறது என்றபோது அக்கா ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டாள். காப்பீடு திரும்ப வரட்டும் என்றான்.

துறைத் தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அவர் பேர்ல ஒரு உதவித்தொகை ஆரம்பிக்கலாம்னு இருக்கோம். வருஷா வருஷம் ஒரு ஆராய்ச்சி மாணவருக்கு. நீங்க சம்மதிக்கணும்."

"யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்னும்பாங்க" என்றாள் அக்கா. "எங்க வீட்டு யானைக்குச் செத்தாத்தான் பொன்னு போல."

"அம்மாடி..."

"இருங்கப்பா. சார், இது எந்த வருஷத்துப் பிள்ளைங்களுக்கு?"

அவர் தரையைப் பார்த்தார். அந்தப் பெண்தான் மெல்லச் சொன்னாள்: "முதல் மூணு வருஷத்துக்குள்ள இருக்கறவங்களுக்குக்கா."

"அப்ப இவன் உசுரோட வந்து கேட்டிருந்தாலும் கிடையாது."

"விதிமுறைம்மா... நான் மட்டும் முடிவு பண்றதில்ல."

"காப்பீட்டை நிறுத்தினதும் விதிமுறைதானே சார்?"

  எழுந்து போங்க என்ற சொல் அக்காவின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

அப்பா முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். நேற்றிலிருந்து கல்லாகக் கிடந்த முகம். "மேடையில அவன் பேரைச் சொல்லிக் கூப்பிடுவீங்களா சார்?"

"கண்டிப்பாய்யா."

"வருஷா வருஷமா?"

"ஆமாய்யா."

அப்பா மகள் பக்கம் திரும்பினார். "நீ என்னம்மா சொல்ற? நீ வேணாம்னா வேணாம்."

அக்கா அவர் கண்களைப் பார்த்தாள். வாயில் இருந்ததை விழுங்கினாள்.

"சரின்னு சொல்லுங்கப்பா."

துறைத் தலைவரின் கைகளை அப்பா பற்றிக்கொண்டார். உதவித்தொகைக்கு ஜெர்மனில் என்ன சொல் என்று கேட்டார். அவர் சொல்ல, இவர் திருப்பிச் சொல்லிப் பார்த்தார்.

அக்கா வாசலுக்குப் போனாள். துறைத் தலைவரின் பளபளப்பான கறுப்பு ஷூ ஜோடி வீட்டைப் பார்த்துக் கிடந்தது. குனிந்து, இரண்டையும் எடுத்து, தெருவைப் பார்க்கத் திருப்பி வைத்தாள்.