சரக்குப் பெட்டியில் பொரித்த குஞ்சுகள்

1978 செப்டம்பரில், ஹௌராவை அடுத்த சாந்த்ராகாச்சி ரயில்வே காலனிக்குள் வெள்ளம் புகுந்தபோது, நாகரத்தினம் முதலில் தூக்கியது அடைக்கோழிக் கூடையைத்தான்.

"அரிசியை எடு புள்ள! கோழியைத் தூக்கிட்டு நிக்கிறியே!" என்று கத்தினான் மாரியப்பன். அவள் கணவன், ரயில் யார்டில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன்.

"அரிசியை நீங்க எடுங்க. இன்னைக்குப் பத்தொன்பதாம் நாள். இன்னும் ரெண்டே நாள்ல பொரிச்சிரும்!"

போன வருஷம் அவன் ஏதோ பண்ணையிலிருந்து ஐம்பது வெள்ளைக் குஞ்சுகள் வாங்கி வந்தான். ஒரே வாரத்தில் கழிச்சல் கண்டு எல்லாம் போய்விட்டன. அத்தோடு கோழிப் பேச்சே கூடாது என்றான். நாகரத்தினம் விடவில்லை. டோம்ஜூர் பக்கத்துக் கிராமங்களில் வீடு வீடாக அலைந்து, குப்பையைக் கிளறியே வயிறு வளர்க்கும் நாட்டுக்கோழி ஒன்றையும் பதின்மூன்று முட்டைகளையும் கொண்டுவந்தாள். நாட்டு முட்டை என்றால் ஹௌரா சந்தையில் பறந்து போகும் என்று அவளுக்குத் தெரியும். ஒற்றைச் சம்பளத்தில் இரண்டு பெண்களைப் படிக்கவைக்க முடியாது என்பதும் தெரியும்.

யார்டின் மேட்டு லைனில் காலிச் சரக்குப் பெட்டிகள் நின்றன. காலனி ஜனம் அவற்றில் ஏறியது. மகள்களை ஏற்றிவிட்டு நாகரத்தினம் கால் வைத்த நேரம், இடி ஒன்று விழுந்தது. கோழி மிரண்டு கூடையைவிட்டுப் பறந்தது. தண்ணீருக்கு மேல் தத்தித் தத்திப் போய், தூரத்துக் கொய்யா மரத்தில் உட்கார்ந்துகொண்டது.

"ஐயோ, முட்டை ஆறிப்போயிருமே!"

அவள் முட்டைகளை முந்தானையில் வாரி வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். மாரியப்பன் அவள் முகத்தைப் பார்த்தான். மார்பளவு தண்ணீரில் இறங்கினான்.

ஒரு மணி நேரம் கழித்து, கையெல்லாம் கீறலோடு, கோழியைத் துண்டில் சுற்றிக்கொண்டு திரும்பினான்.

"கோழி கிடைச்சிருச்சு. ஆனா முட்டை பிழைச்சிருக்காது புள்ள."

நாகரத்தினம் பக்கத்து வீட்டுப் பூர்ணிமாவிடம் திரும்பினாள். அந்த வங்காளி அக்கா பெட்டியின் மூலையில் ஸ்டவ்வில் டீ போட்டுக்கொண்டிருந்தாள். "பூர்ணிமா தீதி, ஒரு கிண்ணம் வெந்நீர் குடுங்க. கை பொறுக்கிற சூடு போதும். உயிர் இருந்தா முட்டை தண்ணியில ஆடும்."

ஒரு முட்டையை மெல்ல மிதக்கவிட்டாள். அசையவில்லை. எல்லாத் தலைகளும் கிண்ணத்துக்கு மேல் கவிழ்ந்தன.

முட்டை துடித்தது. மறுபடி துடித்து, தானாகவே ஒரு பக்கம் சாய்ந்து ஆடியது.

"ஓ மா! நாச்சே! நாச்சே!" என்று பூர்ணிமா கை தட்டினாள்.

"ஆமா தீதி, ஆடுது! உள்ளே குஞ்சு உதைக்குது!" நாகரத்தினத்துக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஒவ்வொன்றாக விட்டுப் பார்த்ததில் பதினொன்று ஆடின. துடைத்துக் கூடையில் வைத்ததும் கோழி கொக்கரித்தபடி ஏறி உட்கார்ந்தது.

மூன்றாம் நாள் காலை முதல் ஓடு பிளந்தது. ஈரத் தலை ஒன்று எட்டிப் பார்த்ததும், பூர்ணிமா கல்யாண வீட்டில் போல நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டாள். மற்ற வங்காளிப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். அடுத்த பெட்டியில் இருந்தவர்கள், "என்ன, பிரசவமா?" என்று ஓடி வந்தார்கள்.

அன்று சாயங்காலம், "பதினொண்ணும் வந்திருச்சு!" என்று அவர்களிடம் மார்தட்டியவன் மாரியப்பன்தான்.

தண்ணீர் வடிந்ததும் நாகரத்தினம் பெட்டைக் குஞ்சுகளைத் தேற்றி, பூர்ணிமா வீடு உட்பட ஆறு வீடுகளுக்குப் பங்கு வாரத்துக்கு விட்டாள். வளர்ப்பது அவர்கள், பொரிக்கும் குஞ்சில் பாதி அவளுக்கு. தவிடும் நொய்யும் தவிரச் செலவே இல்லை.

சித்திரை வெயிலில் ஒரு நாள், பூர்ணிமா காலில் செருப்புகூட இல்லாமல் தண்டவாளத்தைத் தாண்டி ஓடி வந்தாள். உள்ளங்கையில் சூடு ஆறாத முட்டை.

"நாகு தீதி, போட்டுட்டா! என் கோழி முட்டை போட்டுட்டா!"

நாகரத்தினம் அதை வாங்கிக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். "இதை விக்காதீங்க தீதி. சேர்த்து வச்சு அடை வைங்க," என்றாள்.