சோபா ரிப்பேர் என்று தேடினால்

என் கணவர் காலையில் எழுந்ததும் பல் தேய்ப்பதற்கு முன்னால் கடைக்கு இறங்கி, கணினியைப் போட்டு, "சோபா ரிப்பேர்" என்று தேடுவார். அன்றைக்கு வீட்டில் பேச்சுவார்த்தை உண்டா இல்லையா என்பது அதில் முடிவாகிவிடும். எங்கள் கடையின் வெப்சைட் நாலாவதாக வந்தால் தேநீரில் சர்க்கரை சரியாக இருக்கும். ஏழாவதாக வந்தால் சர்க்கரை குறைவு. அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டால், "இதெல்லாம் ஒரு தேநீரா?" நான் என்னவோ தினமும் ஒரே மாதிரிதான் போடுகிறேன்.

நாலோ ஏழோ, அதைக்கூட மனிதர் பொறுத்துக்கொள்வார். முதலிடத்தில் யார் என்பதுதான் அவரால் தாங்க முடியாதது. அங்கே நாள் தவறாமல், அசையாமல் உட்கார்ந்திருந்தது அவருடைய அண்ணன் கடை.

அண்ணனும் தம்பியும் முன்பு ஒரே கடையில்தான் சோபா பழுது பார்த்தார்கள். ஒருமுறை ஒரு சோபாவின் கைப்பிடியில் தையல் கோணலாகப் போய்விட்டது. சோபாவுக்குச் சொந்தக்கார அம்மாள் விரலை வைத்துக் காட்டினார். என் மூத்தார் குனிந்து பார்த்துவிட்டு, "அது தம்பி பண்ண வேலைங்க" என்றார். சொன்னது பொய்யில்லை. ஆனால் அந்த அம்மாள் முன்னால் சொல்லியிருக்க வேண்டாம். என் கணவர் சோபாவில் துணி அடிக்கும் தன்னுடைய ஸ்டேப்ளர் கன்னை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தவர், இரண்டு தெரு தள்ளித் தனிக்கடை போட்டார். பிரிப்பது, ஸ்பாஞ்சு மாற்றுவது, துணியை இழுத்து அடிப்பது எல்லாம் அவர். உறை தைப்பது நான். அன்றிலிருந்து அண்ணன் தம்பிக்குள் பேச்சு இல்லை. நானும் என் ஓரகத்தியும் வழியில் பார்த்தால் நலம் விசாரித்துக்கொள்வோம், கடைப் பேச்சை மட்டும் எடுக்கமாட்டோம்.

தேடி முடித்த கையோடு என் கணவர் அண்ணனின் வெப்சைட்டைத் திறப்பார். ஒரு படம் விடாமல் பெரிதாக்கித் தையலைச் சோதிப்பார்.

"இங்க பாரு, ஓரத்துல பைப்பிங் எப்படி நெளியுது. இவரு முதலிடமாம்!"

"அப்போ பார்க்காம விடுங்களேன்."

"பார்க்கலைன்னா எப்படித் தெரியும்?"

என்ன தெரிய வேண்டும் என்று நான் கேட்டதில்லை. எங்கள் வெப்சைட்டை அவர் திறப்பதே கிடையாது. அதில் என்ன இருக்கிறது என்று தனக்கே தெரியுமாம்.

வெப்சைட் போட்டுக் கொடுத்தவரிடம் போனில் யோசனை கேட்டார். தேடும் வார்த்தை பக்கத்தில் அங்கங்கே வரவேண்டும் என்று அவர் சொன்னதுதான் தாமதம், உட்கார்ந்து எழுதினார்: "சோபா ரிப்பேர் தேவையா? சோபா ரிப்பேர் என்றாலே எங்கள் சோபா ரிப்பேர் கடையின் சோபா ரிப்பேர்தான்." எழுதியதை வாசித்துக் காட்டி, எப்படி இருக்கிறது என்று கேட்டார். மூச்சு வாங்குகிறது என்றேன். அந்த வாரமே நாங்கள் இரண்டாம் பக்கத்துக்குப் போனோம்.

"அல்காரிதத்தை மாத்திட்டாங்க சார். பொறுமையா இருங்க" என்றார் வெப்சைட்காரர். அது என்ன, எங்கே இருக்கிறது என்று என் கணவர் கேட்கவில்லை. ஆனால் அதன் பிறகு குழாயில் தண்ணீர் வராவிட்டாலும் அல்காரிதத்தைத்தான் திட்டினார்.

வேலை உண்மையிலேயே குறைந்துகொண்டு வந்தது. போன் அடித்தால் ஓடிப் போய் எடுப்போம். பெரும்பாலும் எங்களைக் கடன் வாங்கச் சொல்லும் வங்கியாக இருக்கும்.

"எல்லாரும் அங்கதான் போறாங்க. முதல்ல இருக்கறவனை விட்டுட்டு எவன் கீழ வருவான்?" என்றார்.

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, ஊருக்கு வெளியே இருக்கும் நாற்காலித் தொழிற்சாலையில் ஸ்பாஞ்சு வெட்டும் பிரிவில் ஆள் கேட்கிறார்கள் என்றார். போய்ப் பார்த்துவிட்டும் வந்திருக்கிறார். திங்கட்கிழமை சேர வேண்டும். கடையை மூடிவிடலாம், மெஷினை விற்றுவிடலாம் என்று சொல்லிவிட்டுக் குழம்பு கேட்டார்.

மெஷின் என்றால் என் தையல் மெஷின். மூன்று மடிப்பு ரெக்ஸினையும் முனகாமல் தைக்கும். கடை மூடினால் அவருக்கு இன்னொரு வேலை இருக்கிறது. எனக்கு? எனக்குத் தெரிந்தது இது ஒன்றுதான், பிடித்ததும் இதுதான். குழம்பை ஊற்றினேன். அவர் முகம் அதற்கு முன்பே செத்துப்போயிருந்தது. அதோடு என்னத்தைச் சண்டை போடுவது?

வெள்ளிக்கிழமை காலையில் பழைய மெஷின் வாங்குபவர் வந்தார். மெஷினைச் சுற்றி வந்தார், சக்கரத்தை உருட்டிப் பார்த்தார், பெண் பார்க்க வந்தவர் மாதிரி ஒன்றும் பிடிகொடுக்காமல் நின்றார். பிறகு, "இதையும் ஏத்தணும்னா வண்டியில இடம் இருக்கான்னு பார்க்கணும். ஏற்கெனவே இதே மாதிரி ஒண்ணு கிடக்கு" என்றார்.

"அது எங்க எடுத்தீங்க?" என்றார் என் கணவர்.

"ரெண்டு தெரு தள்ளி. அவரும் உங்க தொழில்தான். கடையை மூடறாராம். கூடப் பொறந்த தம்பியே நெட்டுல முதல் இடத்தைப் பிடிச்சுட்டானாம். வேலையெல்லாம் அவனுக்குத்தான் போகுதாம். பாவம், ரொம்ப நொந்து பேசினார்."

என் கணவர் அவரை இழுத்துக்கொண்டு போய்க் கணினி முன்னால் நிறுத்தினார்.

"நீங்களே பாருங்க. அவர்தான் முதல்ல இருக்கார். நான் ஆறாவது."

"அவர் கம்ப்யூட்டர்ல நீங்க முதல்ல இருந்தீங்களே. நான் பார்த்தேன்."

வந்தவர் தன்னுடைய போனை எடுத்து, "சோபா ரிப்பேர்" என்று ஒவ்வோர் எழுத்தாக அடித்தார். தன் வீட்டில் சோபாவே இல்லை, வாழ்க்கையில் இதைத் தேடியதும் இல்லை என்று எங்களுக்குத் தெரிவித்தார். முதலில் வந்தது யாரோ ஒரு பெரிய கம்பெனி. அதற்குக் கீழே இன்னொன்று. தள்ளிக்கொண்டே போனார். மூன்றாவது பக்கத்தின் அடியில் எங்கள் கடை இருந்தது. அதற்கு அடுத்ததாக, கீழே, மூத்தார் கடை.

"இதோ இருக்கீங்க ரெண்டு பேரும். ஆனா இவ்வளவு தூரம் எவன் வருவான்?" என்றார் மனிதர்.

என் கணவர் வெப்சைட்காரரைப் போனில் பிடித்தார். அந்தப் பக்கத்திலிருந்து கொட்டாவியோடு பதில் வந்தது.

"சார், நீங்க தினம் எதைத் திறக்கறீங்களோ, அதைத்தான் உங்களுக்கு முன்னாடி கொண்டுவந்து காட்டும். நீங்க எதைத் திறக்கறீங்க?"

என் கணவர் போனை வைத்துவிட்டார். ஸ்பாஞ்சுக் குவியலின் மேல் உட்கார்ந்தார். நான்தான் வாயைத் திறந்தேன்.

"அப்போ உங்க அண்ணனும் தினம் நம்மளதைத் திறந்து பார்த்துட்டிருக்கார்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கண் கலங்கியிருந்தது. பேச்சே இல்லாத இத்தனை காலமும் இரண்டு பேரும் காலையில் பல்கூடத் தேய்க்காமல் ஒருவர் கடைக்கு ஒருவர் போய்வந்திருக்கிறார்கள். எனக்கு இரண்டு பேரையும் நாலு சாத்து சாத்த வேண்டும் என்று இருந்தது.

"பணம் குடுத்தாச்சா அவருக்கு?" என்றார் என் கணவர்.

"நாளைக்குத் தர்றதா பேச்சு."

"வண்டியைத் திருப்புங்க."

காலை நேர வியாபாரம் இரண்டும் கெட்டது என்று மெஷின் வாங்குபவர் முணுமுணுத்தார். ஆனாலும் திருப்பினார். நானும் ஏறிக்கொண்டேன். வழியில் என் கணவர் தொழிற்சாலைக்குப் போன் செய்து, திங்கட்கிழமை வரவில்லை என்றார். எந்தத் தைரியத்தில் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்தத் தைரியமும் போயிருக்கும்.

மூத்தார் கடை காலியாக இருந்தது. மெஷின் நின்ற இடத்தில் நாலு கால் தடம். அவர் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தார். திரையில் நான் தைத்த உறை ஒன்று, தையல் மட்டும் தெரியும் அளவுக்குப் பெரிதாக நின்றது. என் ஓரகத்தி என்னைப் பார்த்து, உள்ளே வா என்று தலையாட்டினாள்.

மூத்தார் எழுந்திருக்கவில்லை. வண்டியிலிருந்து இறக்கிய மெஷினோடு வாசலில் நின்ற தம்பியைப் பார்த்தார்.

"எதுக்குடா வந்த?"

"நீ தினம் வர்றியே. ஒருநாள் நான் வரக்கூடாதா?"

மெஷின் வாங்குபவர் தன் போனை நீட்டி, கம்பெனிக்காரர்கள் முன்னால் நிற்பதையும், வெப்சைட்காரர் சொன்னதையும் எடுத்துச் சொன்னார். மூத்தார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கேட்டார். கேட்டு முடித்ததும் தன் திரையைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்போ நாம ரெண்டு பேருமே மூணாவது பக்கத்துலயா?"

"ஆமா. அடுத்தடுத்து" என்றார் என் கணவர்.

"நான் உன்னை வெளிய போடான்னு சொன்னதா நினைச்சு நீ போயிட்ட. நான் அப்படிச் சொல்லலைடா."

"அதை விடு. ஒரு கை பிடி, கனக்குது."

மூத்தார் எழுந்து வந்தார். குனிந்து மெஷினைப் பிடித்தவர், தூக்காமல் நிமிர்ந்தார்.

"அடுத்தடுத்துன்னா, யாருடா மேல?"

எனக்கு நாக்கு துறுதுறுத்தது. மெஷின் வாங்குபவரும் வாயைத் திறந்தார்.

"நீதாண்ணா" என்றார் என் கணவர்.

"அது தெரியும்" என்று சொல்லிவிட்டு மூத்தார் தன் பக்கத்தைத் தூக்கினார்.