பெயர் சுரண்டிய தட்டு

சீ, இதுவும் ஒரு பிழைப்பா என்றிருந்தது வெர்னலுக்கு. ஆட்டுக்கறி கொதிக்கும் கிங்ஸ்டன் திடலில், பட்டப்பகலில், அவன் பாடிய பாட்டுக்கு முந்நூறு பேர் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒலிபெருக்கி முதலாளி கிளாட்ஸ்டனோ மைக்கில் கூசாமல் கத்தினார்: "நியூ ஆர்லியன்ஸ்லேருந்து நேத்துத்தான் கப்பல்ல வந்து எறங்குன இசைத்தட்டு!"

கப்பலாம், மண்ணாங்கட்டி! போன வாரம் மீன்கடை மாடியில், நாற்றத்தில் மூச்சுமுட்ட அவன் பாடி, கிளாட்ஸ்டன் பதிவு செய்த பாட்டு. இன்றைக்கு ஊரே தன் பெயரைக் கேட்கும் என்று சந்து முழுக்கத் தம்பட்டம் அடித்து, மனைவி ஐசில்டாவையும் கூட்டி வந்திருந்தான்.

பாட்டு முடிந்ததும் மேடைக்குப் போய்த் தட்டை எடுத்துப் பார்த்தான். நடுவில் ஒட்டிய தாளில் அவன் பெயர் இருந்த இடத்தை நாணயத்தால் வழித்துச் சுரண்டியிருந்தார்கள். போட்டிக்காரன் எட்டிப் பார்த்து அதே தட்டை வாங்கிவிடக் கூடாதென்று, அமெரிக்கத் தட்டுகளுக்கு எல்லா முதலாளிகளும் செய்கிற வேலைதான்.

"என் பேரை ஏன்யா சுரண்டுன?"

"பக்கத்துச் சந்துக்காரன் பாட்டுன்னா எவன்டா ஆடுவான்?" கிளாட்ஸ்டன் பல்லைக் குத்திக்கொண்டே கேட்டார். "பெருசா பேச வந்துட்டான். அது உன் குரலாடா? மூக்கால இழுத்து அமெரிக்காக்காரன் மாதிரிதானே பாடுன? அப்புறம் உனக்கெதுக்குப் பேரு?"

வெர்னலுக்கு அந்த ஆள் மேல் மட்டுமில்லை, தன் தொண்டை மேலேயே அருவருப்பு வந்தது. மைக்கைப் பிடுங்கினான்.

"நான்தான் வெர்னல்! இது என் பாட்டு!" என்று சொல்லி, மூக்கால் இழுப்பதை விட்டுவிட்டு, வீட்டில் பேசுகிற பேச்சிலேயே முதல் அடியிலிருந்து பாடினான்.

"யார்றா இவன், நல்ல பாட்டைக் கொலை பண்றான்!" என்று ஒருத்தன் கத்தினான்.

"அமெரிக்காக்காரன் கேட்டா செருப்பால அடிப்பான்!" என்றாள் ஒருத்தி. ஆரஞ்சுத் தோல் பறந்து வந்து அவன் நெற்றியில் அடித்தது. கிளாட்ஸ்டன் மைக்கை வாங்கிக்கொண்டு மறுபடி தட்டைப் போட்டார். திடல் குதித்து ஆடியது.

தோலைத் துடைத்துக்கொண்டு ஐசில்டாவிடம் வந்தான். அவள் கால் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

"நீயுமா?"

"அது நீதான்னு எனக்குத் தெரியாதாய்யா?" அவள் தலை குனிந்துகொண்டாள். கால் மட்டும் நிற்கவில்லை. "ஆனாலும், அவன்தான்யா நல்லாப் பாடுறான்."